ஒற்றைத் தலைவலிக்கு ஒரு வெள்ளோட்டம்

தேவிகுளம் வட்டத்தில் உள்ள நம் கிளை ஒன்றில் நான் பணியாற்றிய காலம். ஒரு திங்கட்கிழமைக் காலையில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை ஒருவர் தமது வைப்புத் தொகைச் சான்றிதழை மேசைமீது வைத்து, கணக்கை முடித்துத் தரும்படி கேட்டார். முதிர்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. இடையில் முடித்தால் வட்டியில் இழப்பு வரும் என்பதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை. காரணமும் கேட்டேன்.

"தலைவலிக்கு ஒரு மெஷின் வைக்கப் போறேன் சார். தோலுக்கு அடியில வச்சுத் தைச்சுடுவாங்களாம். வலி வராதாம்."

"நிரந்தரமா வைக்கிறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்த்தாங்களா டீச்சர்?"

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார்.

நான் வணிகவியல் பட்டதாரி, மருத்துவன் அல்லன். ஆயினும், கடன் வழங்குமுன் நேரில் சென்று பார்க்காமல் ஒப்புதல் தராத தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன். பெருந்தொகை செலவாகும் எதையும் முதலில் சிறிய அளவில் நடத்திப் பார்க்க இயலுமா என்ற கேள்வி என் நாக்கில் தானாக வந்துவிடும். அன்று அந்த ஆசிரியையின் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அதன்பின் படித்தும், நரம்பியல் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை அவரது இசைவுடன் இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழ் மக்கள் இந்நோயை இரண்டு பெயர்களால் அறிவர். தமிழில் ஒற்றைத் தலைவலி; மலையாள அண்டை வீட்டாரிடம் சென்னிக்குத்து. இரண்டாவது பெயரே நோயின் தன்மையை நன்கு காட்டுகிறது என்பது என் எண்ணம். நெற்றிப் பொட்டில் யாரோ குத்துவது போன்ற வலி, குமட்டல், வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமை ஆகியவை சேர்ந்து வருவது அது. என் தாயார் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு, சன்னலை அடைத்து, இருட்டறையில் படுத்திருப்பார். அன்று வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

எல்லைப் பகுதி வாழ்க்கை இந்த நோய்க்குத் தோதானது. கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன்பே ஜீப்பில் ஏறும் பெண்கள் உறக்கத்தையும் காலை உணவையும் சேர்த்தே இழக்கின்றனர். பாலக்காட்டுக் கணவாயின் மார்ச், ஏப்ரல் மாத வெயிலோ வெளியூர்க்காரருக்கும் தலைவலி தரும். உறக்கக் குறைவு, பசி, கண் கூசும் வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவனவாக மருத்துவர்கள் சொல்பவை. கேரளத்தை அடுத்த கர்நாடகத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பங்கேற்று நடத்தி, 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலிக்கு ஆளானோர் பெரியவர்களில் ஏறத்தாழ 25 விழுக்காடு எனக் கண்டனர். நால்வரில் ஒருவர்.

இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இக்கட்டுரையில் வரும் கருவி எதுவும் தேவையில்லை. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் இயல்புடன் இருந்தால் மட்டுமே அது நாட்பட்ட ஒற்றைத் தலைவலி எனப்படும். அதிலும் தடுப்பு மருந்துகள் பலவும் பயன் தராத சிலருக்கே நரம்புத் தூண்டல் என்ற பேச்சு எழுகிறது. நம் ஆசிரியைக்கு மாதத்தில் இருபது நாளுக்கு மேல் வலி. கரும்பலகையைப் பார்த்துத் திரும்பும்போது பிள்ளைகளின் முகங்கள் தெரியாமல் போன நாள்களும் உண்டு என்றார்.

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொல்லி எழுதிவைத்தார். அது ஏன் பயன் தரக்கூடும் என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயிற்கதவு இருப்பதாகவும், தொடுகை போன்ற வேறு உணர்ச்சிகள் வந்து அக்கதவைச் சாத்த முடியும் என்றும் அவ்வாண்டில் எழுதினர். முழங்கை இடித்துக்கொண்டால் நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதுதான். 1967இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி, தண்டுவடத்தின் மீது மின்முனை பொருத்தி இக்கருத்தை மனித உடலில் நடத்திப் பார்த்தார்.

நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. இவ்வகை அறுவைக்கு யார் ஏற்றவர் என்று தேர்ந்தெடுப்பதற்காக, தோலின் மேல் ஒட்டிப் பார்க்கும் மின்தூண்டல் கருவிகளை மருத்துவர்கள் பயன்படுத்தினர். அது வெறும் முன்சோதனை. ஆனால் நோயாளிகள் சிலருக்கு அந்த முன்சோதனையே போதுமானதாக இருந்தது; அறுவை வேண்டியிருக்கவில்லை. இன்று இயன்முறை மருத்துவ நிலையங்களில் முதுகிலும் தோளிலும் ஒட்டும் ‘டென்ஸ்’ கருவி பரவியதன் பின்னணி இது.

தலைவலிக்கு வருவோம். 1999இல் அமெரிக்காவில் வைனர், ரீட் என்ற இருவர், பிடரி நரம்பு வலியால் வருந்திய 13 பேருக்குப் பின்தலையின் தோலுக்கடியில் மின்முனைக் கம்பியைச் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பிப் பின்தலையில் பரவும் நரம்பு அது. நெற்றிக்கும் முகத்துக்கும் உணர்வு தரும் நரம்பின் செய்தியும் பிடரி நரம்பின் செய்தியும் மூளைத் தண்டை ஒட்டிய ஒரே இடத்தில் சென்று சேர்கின்றன. ஆகவே பிடரியில் தூண்டினால் நெற்றி வலி தணியலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. இரண்டு வாய்க்கால்கள் ஒரே மடையில் சேர்வதைப் பாலக்காட்டு உழவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியை நினைத்திருந்ததுபோல மண்டையோட்டைத் திறக்கும் வேலை இதில் இல்லை. கம்பி தோலுக்கடியில்தான் ஓடுகிறது. நிலையான முறையில் அக்கம்பி கழுத்து வழியாக இறங்கி, மார்பின் மேற்பகுதியிலோ வயிற்றிலோ இடுப்பின் பின்புறத்திலோ புதைக்கப்படும் மின்துடிப்புக் கருவியுடன் இணைகிறது. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரைப் போன்ற கருவி. வெள்ளோட்டத்தில் கருவி உடலுக்கு வெளியே இருக்கும். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசி வழியாகக் கம்பியைச் செலுத்தி, அதன் மறுமுனையை வெளியே எடுத்து, இடுப்பில் அணியும் சிறு பெட்டியுடன் இணைப்பர். நோயாளி வீட்டுக்குச் சென்று பெரும்பாலும் ஒரு வாரம், சில இடங்களில் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும், பின்தலையில் மெல்லிய குறுகுறுப்புடன் அன்றாட வேலைகளைச் செய்து பார்ப்பார். வலி பாதியாகவாவது குறைந்தால் நிலையான கருவியைப் பற்றிப் பேசுவது பொது வழக்கம். குறையாவிட்டால் கம்பியை உருவிவிடலாம். ஊசித் தழும்போடு போயிற்று.

கல்பாத்தியில் தேர்த் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: புதிதாகச் செய்த தேரை நேராகத் திருவிழாவில் இழுக்கமாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம். அச்சு தாங்குமா, தெருமுனையில் திரும்புமா என்று பார்த்த பின்னரே திருநாள். மருத்துவர்கள் சொல்லும் ‘டிரையல்’ என்ற சொல்லை ஆசிரியைக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்.

ஆனால் தேரை அது ஓடப்போகும் தெருவிலேயே ஓட்டிப் பார்க்கிறோம். இங்கேதான் மலைநாட்டவருக்கு ஒரு சிக்கல். வெள்ளோட்ட வாரத்தில் கம்பி நகர்ந்துவிடாதிருக்கக் கழுத்தை அதிகம் வளைக்கலாகாது, பாரம் தூக்கலாகாது. தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஈரம் படலாகாது. பட்டால் கிருமித் தொற்றுக்கு வழி. தலை முழுகும் பழக்கமுள்ள ஊரில், ஆடி மாதச் சாரலில், கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுங்கிச் செல்பவர் இதை எவ்வாறு கடைப்பிடிப்பார்? சமவெளியில் உறவினர் வீட்டில் தங்கிவிடலாம் என்பார்கள். அப்படித் தங்கினால், விடியற்கால எழுச்சி இல்லை, வகுப்பறை இரைச்சல் இல்லை, பனிக்காற்று இல்லை. வலி குறைந்தது கருவியாலா ஓய்வாலா என்று யார் சொல்வது? இதற்கு எளிய விடை கிடையாது. வேலைக்கு நிகரான நடமாட்டத்தை அந்த வாரத்தில் எவ்வளவு செய்யலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்வதே நடைமுறை வழி. மழைக்காலத்தைத் தவிர்ப்பதும் நன்று.

ஒரு வாரம் போதுமா என்பது அடுத்த ஐயம். ஒற்றைத் தலைவலி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் இயல்புடையது. நல்ல வாரம் தானாகவே வரும். மறுபுறம், பிடரி நரம்புத் தூண்டலின் முழுப் பயன் தெரியச் சிலருக்குப் பல வாரங்கள் பிடிக்கின்றன. ஆகவே வெள்ளோட்டத்தில் தேறியவர் பின்னர் தோற்பதும், தோற்றவருக்குப் பயன் இருந்திருக்கக் கூடியதும் இரண்டும் நடக்கக்கூடியவை. இதனால் வெள்ளோட்டமே வேண்டாம் என்று நேராக நிலையான கருவியைப் பொருத்தும் மருத்துவர்களும் உலகில் உண்டு. நான் அவர்களுடன் வாதாடத் தகுதியற்றவன். ஆனால் தம் கைப்பணத்தைச் செலவிடும் ஒருவருக்கு, குறையுள்ள சோதனை சோதனையின்மையைவிட மேல் என்றே எனக்குப் படுகிறது.

ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்கலாம். ஆய்வு முடிவுகள் கலவையாக இருப்பதுதான் காரணம். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தூண்டலைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குப் பயன் தெரிந்தது. பெயரளவுத் தூண்டல் மட்டும் பெற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கே தெரிந்தது. அதே ஆய்வில் 51 பேரில் 12 பேருக்குக் கம்பி இடம் பெயர்ந்தது. மறு ஆண்டில் 157 பேரைக் கொண்ட ஆய்வொன்று வந்தது. வலி பாதியாகக் குறைய வேண்டும் என்று முதலிலேயே வகுத்த இலக்கை அது எட்டவில்லை. ஆயினும் 12 வாரங்களில் மாதத் தலைவலி நாள்கள் தூண்டல் பெற்றவர்களுக்கு 6.1 குறைந்தன, பெறாதவர்களுக்கு 3.0. இவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, பத்தில் ஏழு பேருக்குக் கருவியாலோ அறுவையாலோ ஏதேனும் ஒரு தொல்லை நேர்ந்திருந்தது; மறு அறுவை தேவைப்பட்டவை பல. ஒற்றைத் தலைவலிக்கென இக்கருவியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள் கூடுதல் நிம்மதி என்பது சிறிதா பெரிதா? கணக்கில் சிறிது. இருட்டறையில் படுத்திருப்பவரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். அதனால்தான் இம்முடிவைப் பிறர் எடுக்க இயலாது. தம் உடலில் பார்த்துத் தாமே எடுக்க வேண்டியிருக்கிறது.

கம்பி செலுத்தும் வெள்ளோட்டத்துக்கு முன்னரே செய்யத்தக்க இன்னும் சிறிய சோதனைகள் உண்டு. பிடரி நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்று. தோலின் மேலேயே அணியும் கருவிகள் மற்றொன்று. நெற்றியில் ஒட்டி நாள்தோறும் 20 நிமிடம் அணியும் ‘செஃபாலி’ என்ற பெல்ஜியக் கருவிக்கு 2014இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மேற்கையில் கட்டி, கைப்பேசி வழியாக 45 நிமிடம் இயக்கும் ‘நெரிவியோ’ கருவியை 2023இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவிற்குக் கொண்டுவந்தது. இவற்றின் பலன் புதைக்கும் கருவியின் பலனை அப்படியே முன்னறிவிக்கும் என்று கொள்ளலாகாது. தூண்டும் நரம்பே வேறு. ஆனால் கத்தி படாமல் பயன் கிடைத்துவிட்டால், மேற்கொண்டு செல்ல வேண்டியதில்லையே.

செஃபாலி பற்றிய ஒரு கணக்கெடுப்பை வங்கிக்காரன் என்ற முறையில் மிகவும் விரும்பிப் படித்தேன். கருவியை முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த 2,313 பேரைப் பற்றியது, 2013இல் வெளிவந்தது. சராசரியாக 58 நாள் பயன்படுத்திய பின், 46.6 விழுக்காட்டினர் நிறைவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேர் விலை கொடுக்காமல் தப்பினர் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கருவிக்குள் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தபோது, திருப்பிக் கொடுத்தவர்கள் சொல்லப்பட்ட நேரத்தில் பாதிகூட அணியவில்லை எனத் தெரிந்ததாம். ஒழுங்காக நடத்தாத வெள்ளோட்டத்திலிருந்து எதையும் அறிய முடியாது.

இனிப் பணம். நிலையான கருவியின் செலவு மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். கேட்க வேண்டியது மொத்தத் தொகையை மட்டுமன்று. வெள்ளோட்டத்துக்குத் தனியாக எவ்வளவு, அது தோற்றால் எவ்வளவு திரும்பும், கம்பி நகர்ந்தால் மறு அறுவை யார் செலவு, மின்கலம் எத்தனை ஆண்டு என்று பிரித்துக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மின்னேற்றம் செய்யும் வகையானால், பெருமழையில் நாள்கணக்கில் மின்சாரம் நின்றுபோகும் நம் மலைகளில் என்ன செய்வது என்றும் கேளுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க அக்கருவி இடம் கொடுக்குமா என்பதும் முக்கியம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

காப்பீடு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த வழிகாட்டுதலில், காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிவிடக் கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. ஆழ்மூளைத் தூண்டல் அதில் இருக்கிறது. பிடரி நரம்புத் தூண்டல் பெயர் சொல்லி இல்லை. இரண்டும் ஒன்றென்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாமல், நிறுவனத்தின் முன்னொப்புதலை எழுத்தில் பெற்ற பின்னரே நாள் குறியுங்கள். எல்லைக்கு இப்புறம் குடும்ப அட்டையும் அப்புறம் மருத்துவமனையுமாக வாழ்பவர்கள், அரசுக் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

வைப்புத் தொகையை உடைக்காமலும் வழி உண்டு. பெரும்பாலான வங்கிகளில் வைப்பின் மீது, அதன் மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் பெறலாம். வட்டி, வைப்புக்கு வழங்கும் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு விழுக்காடே கூடுதலாக இருக்கும். வெள்ளோட்டத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் எடுத்தால் போதும். மீதி பேசாமல் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும்.

அன்று ஆசிரியையிடம் இதைத்தான் சொன்னேன். கூடவே எங்கள் வங்கியின் புத்தாண்டு டைரி ஒன்றைக் கொடுத்து, நாள்தோறும் வலி உண்டா, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை என்று மூன்றே குறிப்பு எழுதச் சொன்னேன். முன்கணக்கு இல்லாமல் வெள்ளோட்டத்தில் குறைந்தது எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

ஐந்து வாரம் கழித்து வந்தார். முதல் முப்பது நாளில் வலி இருந்த நாள்கள் 21. அதைவிட அவரையே திடுக்கிடச் செய்தது மாத்திரைக் கணக்கு: 19 நாள். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கலவை மாத்திரையானால் 10 நாளே அந்த எல்லை. கோவையில் டைரியைப் புரட்டிப் பார்த்த நரம்பியல் மருத்துவர், கருவிப் பேச்சை ஒதுக்கிவைத்து, முதலில் தம் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு வாரம் நரகமாக இருந்ததாம். மூன்றாம் மாதக் கணக்கில் வலி நாள்கள் 13 ஆயின. தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. கோடை விடுமுறையில் நரம்பு ஊசியும், அதன்பின் தேவையானால் கம்பி வெள்ளோட்டமும் என்று நாள் பேசி வைத்திருக்கிறார்.

எட்டாம் மாதம் வைப்புத் தொகை முதிர்ந்தது. ஓராண்டுக்குப் புதுப்பிக்கக் கையெழுத்திட்டுவிட்டு எழுந்தவர், வாசல்வரை சென்று திரும்பி வந்தார்.

"சார், இந்த வருஷம் டைரி ரெண்டா கிடைக்குமா? பக்கத்து லயத்துல கொழுந்து பறிக்கிற பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு."